செக் திரும்பினால் காரணம் உண்டு, மைக் திரும்பினால்?

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. மார்ச் கணக்கு முடிவு, அப்புறம் ஆடிட், அப்புறம் டெல்லி வெயில் என்று ஏதாவது ஒரு சாக்கு. இன்றைக்கு உட்கார வைத்தது துவாரகாவில் இருந்து வந்த ஒரு ஃபோன்.

"சார், மைக் போயிடுச்சு. புதுசு வாங்கணும். எது நல்லதா இருக்கும்?"

"போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டரே சொல்லுது சார். ரெக்கார்டிங் சாதனத்தைத் திறக்க முடியலையாம்."

நண்பரின் பெண் பாட்டு கற்றுக்கொள்கிறாள். குரு சென்னையில். வாராவாரம் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மைக் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. "நேரு பிளேஸ் போகாதீங்க, பத்து நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, ஃபோனிலேயே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். ஏழாவது நிமிடம் வேலை செய்தது. அந்தப் பெண் காலையில் ஆன்லைன் வகுப்புக்கு உட்கார்ந்த வீடியோ மென்பொருள் மூடாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

எனக்கு இதில் இவ்வளவு நிதானம் வந்தது படிப்பால் இல்லை. நான் படித்தது பி.காம். பட்டு வந்த நிதானம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

2023 பிப்ரவரியில் ஒரு வளைகாப்புக்காக என் அத்தை டெல்லி வந்திருந்தாள். அம்பாசமுத்திரம் பக்கம். அப்போது வயது 78. தாலாட்டு, கும்மி, நலுங்குப் பாட்டு என்று அவளிடம் ஒரு மூட்டை இருந்தது. எல்லாம் அவள் மாமியாரிடமும் அவருக்கு மூத்தவர்களிடமும் காதால் கேட்டுப் பிடித்தவை. எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. வளைகாப்பில் அவள் பாடியபோது மயூர் விஹாரின் அந்த சமுதாயக் கூடத்தில் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்த பஞ்சாபி மாமி கூட திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், ஊருக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று.

கிளம்புவதற்கு முதல் நாள் லீவு போட்டேன். மின்விசிறி குளிர்காலத்தில் எப்படியும் ஓடாது. ஃப்ரிட்ஜை அணைத்தேன். வீட்டில் ஏற்கனவே ஒரு யூஎஸ்பி மைக் இருந்தது. அத்தை இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, தலைக்கு மஃப்ளர் சகிதம் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். பட்டனை அழுத்தினேன்.

சாதனத்தைத் திறக்க இயலவில்லை. கீழே ஒரு எண், மைனஸ் 9999.

மூடித் திறந்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். வயரை வலது பக்கத் துளையில் இருந்து இடது பக்கத் துளைக்கு மாற்றினேன் (நாம் எல்லோரும் முதலில் செய்வது இதுதான், ஒத்துக்கொள்ளுங்கள்). டிரைவரை நீக்கிப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. அத்தை, "ஏலே, அது சரியானதும் சொல்லு. நான் கொஞ்சம் தலைய சாய்க்கேன்" என்று உள்ளே போனாள்.

நான் நேரு பிளேஸ் ஓடினேன். 4,200 ரூபாய்க்கு இன்னொரு மைக். டிராஃபிக்கில் திரும்பி வர ராத்திரி எட்டரை. புது மைக்கை மாட்டினேன். அதே வாசகம், அதே மைனஸ் 9999. பத்தரை மணிக்கு அத்தை தூங்கிவிட்டாள். மறுநாள் நிஜாமுதீனில் ரயில் ஏற்றிவிட்டேன். "விடுல, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாள் ஜன்னல் வழியாக.

காரணம் தெரிந்தது இரண்டு வாரம் கழித்து. அதே கணினியில் ஒரு வீடியோ சந்திப்புக்குள் நுழைந்தேன். அந்தப் பக்கம் ஒரே வரியில் சொன்னது, உங்கள் கணினியின் அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி அணைக்கப்பட்டிருக்கிறது என்று. யார் அணைத்தது? நான்தான். அதற்கு முந்தைய டிசம்பரில் வங்கியில் சைபர் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு நடந்தது. அதைக் கேட்டு வந்த வேகத்தில் கேமரா, மைக், இருப்பிடம் என்று கண்ணில் பட்ட சுவிட்சை எல்லாம் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இரண்டு மைக்கிலும் ஒரு குறையும் இல்லை. பழைய மைக் இன்று வரை ஓடுகிறது. புது மைக் அலமாரியில் இருக்கிறது, தங்கமணி தேவைப்படும்போதெல்லாம் எடுத்துக்காட்ட வசதியாக.

ஆக என் கதையில் வில்லன் எந்த மென்பொருளும் இல்லை, எந்தக் கடைக்காரரும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. அது அந்த வாசகத்தின் மேல்.

வங்கிக்காரன் கண்ணோட்டத்தில் சொல்கிறேன். ஒரு செக் திரும்பினால் நாங்கள் வெறுமனே "பணம் தர இயலவில்லை" என்று சொல்லி அனுப்ப முடியாது. கூடவே ஒரு மெமோ போகும். பணம் போதவில்லை, கையெழுத்து பொருந்தவில்லை, தேதி காலாவதி என்று காரணம் அதில் இருக்க வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததில் இருந்து அந்தச் சின்னத் தாளுக்குப் பெரிய மதிப்பு. தகவல் கையில் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் போய்ச் சேர்ந்தபின் பணம் கட்ட 15 நாள் என்று மொத்த வழக்கும் அதில் இருந்துதான் கிளம்புகிறது. காரணம் போடாமல் செக்கைத் திருப்பினால் வாடிக்கையாளர் கவுன்டரிலேயே சண்டைக்கு நிற்பார். நியாயம்தானே? அதே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய், மைக் திரும்பினால் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் புது மைக் வாங்குகிறார். நானும்தான்.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளை உங்களில் பலர் பயன்படுத்துவீர்கள். அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1999-ல் தொடங்கி, 2000-ல் வெளியானது. இன்று வரை இலவசம்தான், நல்ல சரக்கும் கூட. அதுவும் அதுபோன்ற வேறு சிலவும் மைக்கோடு நேராகப் பேசுவதில்லை. நடுவில் போர்ட்ஆடியோ என்று ஒரு பொது இடைத்தரகர். அந்த இடைத்தரகர் விண்டோஸைக் கேட்கும், விண்டோஸ் டிரைவரைக் கேட்கும், டிரைவர் சாதனத்தைக் கேட்கும். எங்கள் கிளை, மண்டல அலுவலகம், தலைமை அலுவலகம் மாதிரி. போர்ட்ஆடியோவிடம் பிழைகளுக்கு வரிசையாக எண்கள் உண்டு. மைனஸ் 9998 என்றால் சானல் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. 9997 என்றால் சாம்பிள் ரேட் சரியில்லை. 9996 என்றால் நீங்கள் சொன்ன சாதனமே தவறு. 9985 என்றால் சாதனம் இப்போது கிடைக்காது. இவையெல்லாம் ஒழுங்கான மெமோ. ஆனால் 9999? அதன் பொருள், கீழே இருக்கிறவர் நாங்கள் எதிர்பார்க்காத ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டார் என்பதுதான்.

எங்கள் பாஷையில் இது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எந்தத் தலைப்பிலும் வைக்கத் தெரியாத தொகையைக் கொண்டுபோய் வைக்கிற இடம். ஒரு கிளையில் சஸ்பென்ஸ் கணக்கு வீங்கிக்கொண்டே போனால் ஆடிட்டர் கிளை மேலாளரைத்தான் கேட்பார், பணத்தை இல்லை. இங்கே நாம் பணத்தையே தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பணம் வாங்கப் போகிறோம்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் சங்கடம் உண்டு. நாலு அடுக்கு தாண்டி வரும் பதிலில் உண்மைக் காரணம் வழியிலேயே உதிர்ந்துவிடலாம். ஆனால் என் கணினியில் அந்த வீடியோ சந்திப்புப் பக்கம் ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டதே! ஆக முடியாத காரியம் இல்லை. "மைக் அனுமதியைப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குடி முழுகிவிடும்? (எங்கள் கவுன்டரில் "லிங்க் இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்கிறோமே, அதுவும் இந்த வகைதான். தெரிகிறது. திருத்திக்கொள்ளப் பார்க்கிறேன்.)

சரி, என்னதான் பார்க்க வேண்டும்? கணக்கு டேலி ஆகாதபோது நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைப்பதில்லை. ஒரு முனையில் தொடங்கி எதுவரை சரியாக இருக்கிறது என்று பார்ப்போம். இங்கேயும் அதேதான்.

முதல் கேள்வி, கணினிக்கு மைக் கேட்கிறதா? ரெக்கார்டிங் மென்பொருளை மூடி வையுங்கள். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் என்ற இடத்தில் ஒரு பட்டை இருக்கும். மைக்கின் முன் "ஹலோ" சொன்னால் அது ஆட வேண்டும். ஆடினால் மைக், வயர், துளை, டிரைவர் நாலும் சரி. நாலும் சரி என்றால் நேரு பிளேஸுக்கு வேலை இல்லை. அன்றைக்கு நான் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால், இல்லை, அணுகிய வரிசையே சரியாக இருந்திருந்தால்... சரி விடுங்கள்.

பட்டை ஆடவில்லை என்றால் மட்டும் வயர் பக்கம் போங்கள். செல்ஃபோனோடு வந்த சில வயர்கள் சார்ஜுக்கு மட்டும்தான். உள்ளே தகவல் போகும் கம்பியே கிடையாது. வெளியே பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அடுத்து ஹப். சொந்தமாக மின்சாரம் இல்லாத ஹப்பில், யூஎஸ்பி 2 விதிப்படி ஒரு துளைக்கு 100 மில்லி ஆம்பியர்தான். கணினியின் சொந்தத் துளையில் 500. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியை அந்த ஹப்பில் செருகினால், ஒரே தட்டுச் சோற்றில் ஐந்து பேர் கை வைத்த கதைதான். சில சமயம் தெரியும், சில சமயம் காணாமல் போகும். பழைய உருண்டை முனை மைக் என்றால் முனையில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இப்போதைய லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை மூன்று வளையம் உள்ள ஹெட்செட் முனைக்கானது. இரண்டு வளையம் உள்ள மைக்கை நேராகச் செருகினால் பெரும்பாலும் அது ஹெட்ஃபோன் என்றே நினைத்துக்கொள்ளும். பிரித்துக் கொடுக்கும் சின்ன வயர் ஒன்று கடையில் கிடைக்கும், அது போதும்.

இரண்டாவது, அனுமதி. விண்டோஸ் 10-ல் 2018-க்குப் பிறகு இந்தப் பூட்டு டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கும் வந்துவிட்டது. அதே ஆண்டு மேக்கிலும், மொஹாவி என்ற பதிப்பில் இருந்து. செட்டிங்ஸில் பிரைவசி, அதில் மைக்ரோஃபோன். நம்மவர்கள் ஏமாறும் இடம் இது. மேலே ஒரு பட்டியல் இருக்கும், அதில் உங்கள் ரெக்கார்டிங் மென்பொருளின் பெயரில் தனி சுவிட்ச் இருக்காது. கீழே கடைசி வரை போனால் டெஸ்க்டாப் ஆப்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சுவிட்ச். அதுதான் என் 4,200 ரூபாய்.

மூன்றாவது, வேறு யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா? துவாரகா நண்பர் வீட்டுக் கதை. விண்டோஸில் ஒரு மென்பொருள் மைக்கைத் தனக்கே என்று எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் ஒரு டிக் உண்டு. லாக்கருக்கு ஒரே சாவி மாதிரி. ஆன்லைன் வகுப்பு, அலுவலக மீட்டிங், பிரவுசர் எல்லாவற்றையும் முழுக்க மூடிவிட்டுப் பாருங்கள். சிறு சிலுவைக் குறியை அழுத்தினால் சில மென்பொருள் மூடிக்கொள்ளாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும்.

நான்காவது, மாட்டிய வரிசை. மென்பொருளைத் திறந்தபிறகு மைக்கை மாட்டினால் ஆடாசிட்டிக்கு அது தெரியாது. திறக்கும்போது எடுத்த பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கும். சாதனங்களை மறுபடி தேடச் சொல்லும் கட்டளை மெனுவில் உண்டு. அல்லது மூடித் திறங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. வாசகம் மைக் என்று சொன்னாலும் தப்பு ஸ்பீக்கர் பக்கம் இருக்கலாம். முன்பு பதிந்த தம்புராவை ஓடவிட்டு அதன் மேல் பாடுகிறீர்கள் என்றால் மென்பொருள் இரண்டு கதவையும் சேர்த்துத் திறக்கிறது. நேற்று மாட்டிய புளூடூத் ஸ்பீக்கர் இன்று அணைந்து கிடந்தால், பழி மைக்கின் மேல் விழும்.

புளூடூத் என்றதும் ஒரு வார்த்தை. பாட்டுப் பதிவுக்கு புளூடூத் ஹெட்செட் மைக்கைப் பயன்படுத்தாதீர்கள். பேசுவதற்கான வழக்கமான முறைக்கு மாறியதும் அது நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான் எடுக்கும். தம்புராவின் ஜீவன் இருக்கிற மேல் பகுதி அப்படியே வெட்டுப்பட்டுப் போகும். 2020 ஊரடங்கில் ஜூம் வழியாகப் பாட்டு வகுப்பு தொடங்கியபோது நம் வீடுகளில் எல்லாம் ஒரு குழப்பம் நடந்ததே, நினைவிருக்கிறதா? சுருதிப் பெட்டி போட்டால் குருவுக்குக் கேட்கவே இல்லை. விடாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அது இரைச்சல் என்று அந்த மென்பொருள் அமுக்கிவிட்டது. நமக்கு எது ஆதாரமோ அது அதற்கு மின்விசிறிச் சத்தம் :-)

சாம்பிள் ரேட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த சமாசாரம். சிடி 1982-ல் வந்தபோது நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்தார்கள். ஏன் இந்த அரைகுறை எண்? அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அமெரிக்க, ஜப்பான் வீடியோவில் நொடிக்கு 60 பகுதி, பகுதிக்கு 245 வரி, வரிக்கு 3 மாதிரி. பெருக்கிப் பாருங்கள், 44,100. ஐரோப்பிய வீடியோவில் 50 பகுதி, 294 வரி, வரிக்கு 3. அதுவும் 44,100! இரண்டு பக்கமும் டேலி ஆகிற கணக்கைப் பார்த்தால் எனக்கு இன்னும் மயிர் கூச்செறியும். பின்னால் வந்த வீடியோ உலகம் 48,000-க்குப் போனது. இன்று உங்கள் மைக் ஒன்றிலும் மென்பொருள் மற்றொன்றிலும் இருந்தால் சண்டை வரும். மைனஸ் 9997 வந்தால் அதிர்ஷ்டம், காரணம் எழுதியே வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணுக்கு மாற்றினால் முடிந்தது.

பிழையே காட்டாமல் பதிவாகிவிட்டால்தான் ஆபத்து. இங்கே தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. பையன் ஐந்து கட்டையில் பாடிப் பதிந்து அனுப்பினான். 44,100-ல் எடுத்ததை எங்கோ ஓர் இடத்தில் 48,000 என்று நினைத்து ஓட்டியிருக்கிறார்கள். கேட்கும்போது ஐந்தரையைத் தாண்டி ஆறுக்குக் கிட்டத்தில் நிற்கிறது. ஒரு மணி நேரக் கச்சேரி என்றால் 55 நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும், எல்லாம் அந்த விகிதத்தில் வேகமெடுக்கும். சென்னையில் இருந்து குரு, "ஏம்ப்பா சுருதிய ஏத்திட்டே, காலமும் ஓடுது" என்று கேட்டாராம். பையன் தன் மேலேயே சந்தேகப்பட்டு இரண்டு நாள் மறுபடி மறுபடி பாடிப் பார்த்திருக்கிறான். பாவம்.

இவ்வளவும் பார்த்தும் நடக்கவில்லை என்றால் மென்பொருளில் ஹோஸ்ட் என்று ஒரு தேர்வு இருக்கும். எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வாசாபி என்று மூன்று பெயர். மூன்றும் விண்டோஸோடு பேச மூன்று தலைமுறைப் பாதைகள். எம்எம்இ 1990-களின் தொடக்கத்துத் தாத்தா, வாசாபி 2007-ல் விஸ்டாவோடு வந்த பேரன். ஒன்றில் வராதது இன்னொன்றில் வரலாம். மாற்றி மாற்றிப் பாருங்கள், செலவில்லை.

இதற்கெல்லாம் மொத்தம் பத்து நிமிடம் போதும். ஆனால் என் அடுத்த கருத்து கொஞ்சம் இதற்கு எதிரானது. முன்னால் ஒரு பெரியவர் பாட உட்கார்ந்துவிட்டார் என்றால் அந்தப் பத்து நிமிடத்தையும் எடுக்காதீர்கள். செல்ஃபோனை எடுத்து அவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, பதிவை அழுத்துங்கள். கணினியை அப்புறம் சரிசெய்யலாம்.

அன்று என் சட்டைப் பையில் செல்ஃபோன் இருந்தது. காலை முதல் ராத்திரி வரை இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. ஏன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. "முறையாக" பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை. நல்ல மைக், சத்தமில்லாத அறை, 24 பிட். ஊரை விட்டு வந்த நமக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. ஊரில் இருப்பவனுக்கு அத்தை நாளைக்கும் பாடுவாள், திண்ணையில் உட்கார்ந்தால் காதில் விழும். நமக்கு வருஷத்துக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் எல்லாவற்றையும் உயர்தரத்தில் வாங்கி வைத்துவிட வேண்டும் என்று பறக்கிறோம். வீட்டில் ஸ்டூடியோ கட்டுகிற ஆர்வம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போகிறது, பதிவு செய்ய வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

குருகிராமில், நமக்கு மெட்ரோ தூரத்தில்தான், இசை ஒலிகளுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்தது, 1982-ல் தொடங்கப்பட்டது. ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சுக்காரர் 1938-ல் தென்னிந்தியாவில் சுற்றி அந்தக் காலத்துச் சாதனங்களில் மக்கள் பாடியதைப் பிடித்தார். 1984-ல் நசீர் ஜயராஜ்போய், ஏமி கேட்லின் என்ற இருவர் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள், அந்தப் பாட்டும் அந்தக் குடும்பங்களும் இன்னும் இருக்கின்றனவா என்று பார்க்க. அந்தச் சாதனங்களின் ஒலித்தரத்தை உங்கள் பழைய செல்ஃபோனோடு ஒப்பிட்டால் செல்ஃபோன் ராஜா. ஆனால் 46 வருஷம் கழித்துத் திரும்பிப் போக அவர்கள் கையில் ஏதோ ஒன்று இருந்தது.

2024-ல் அத்தைக்கு பக்கவாதம் வந்தது. தேறிவிட்டாள். இப்போது பேச்சு வருகிறது, மெதுவாக. ஃபோனில் "சாப்பிட்டியாலே" என்று கேட்பாள். பாட்டு வருவதில்லை. பாடச் சொன்னால் முதல் வரியைத் தொடங்கி, எங்கோ நின்றுவிட்டு, சிரிக்கிறாள்.

எங்களிடம் இருப்பது ஒரு நிமிடம் 50 விநாடி. அன்றைக்கு நான் நேரு பிளேஸில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, தலையைச் சாய்க்கப் போன அத்தை தூக்கம் வராமல் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டு ஒரு தாலாட்டை முணுமுணுத்திருக்கிறாள். என் பெண் விளையாட்டாக அம்மாவின் ஃபோனில் பிடித்திருக்கிறாள். ஒன்றரைப் பாட்டு. இரண்டாவது பாட்டின் நடுவில் குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. மூன்றாவது விசிலுக்கு அத்தை பாட்டை நிறுத்திவிட்டு, "ஏ பிள்ள, அடுப்ப அமத்து" என்கிறாள். அதோடு முடிகிறது. எனக்கு அந்த விசிலை மென்பொருள் வைத்து நீக்கத் தெரியும். நீக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டில் இப்படி நின்றுபோன மைக், காரணம் தெரியாத எண் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். புதுசு வாங்குவதற்கு முன்னால் எழுதுங்கள்.

பி.கு.: தீபாவளிக்கு என் சித்தப்பா வருகிறார். வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டு பாடியவர், 81 வயது. வருவதற்கு முதல் நாளே ஒரு நிமிடம் பதிவு செய்து பார்த்துவிட வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். தங்கமணி அதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை எத்தனை மைக் வாங்கப் போறீங்க?" என்று கேட்கிறாள். பதில் சொல்லவில்லை. அவள் ஃபோனை சார்ஜில் போட்டுவைக்கச் சொன்னேன்.